சுற்று நின்ற இடம்

பைசாந்துவில் ஞாயிறு மாலைக்கு ஒரே வேலைதான்,
ஆற்றங்கரைச் சுவரில் உட்கார்ந்து மாத்தே குடிப்பது.
எல்லோருக்கும் ஒரே சுரைக்குடுக்கை, ஒரே குழல்.
வெந்நீர்க் குடுவை என் கணவர் நெஸ்தோரின் அக்குளில்.
அவர் ஊற்றித் தர, அடியில் களகளவென்று சத்தம் வரும்வரை உறிஞ்சி
அவரிடமே திருப்பித் தர வேண்டும்.
கையில் வைத்துக்கொண்டு கதையளப்பவரை
"அது மைக் இல்லை" என்று கேலி செய்வோம்.

அன்று சுற்றில் புதிதாக ஒருத்தி.
பிலார். என் மகன் குஸ்மானின் வகுப்பு.
முழங்காலில் காய்ந்த சிராய்ப்பு, ஹாக்கி ஆடுகிறாளாம்.
தம்பி குதிரையிலிருந்து விழுந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.
குதிரை நின்றுவிட்டது,
தம்பி நிற்கவில்லை,
அந்த இடத்தில்
குஸ்மானின் பாக்கெட் அதிர்ந்தது.

எடுத்தான்.
ஒரு கையில் போன், மறு கையில் குடுக்கை.
கண் திரையை விட்டு அகலாமல்
குடுக்கை பிடித்த கையிலிருந்தே
ஆள்காட்டி விரல் மட்டும் எழுந்து
அவள் முகத்துக்கு நேரே நின்றது.
ஒரு நிமிஷம்.

அதட்ட வாய் திறந்தேன்.
விரல் எனக்குத் தெரிந்த விரலாக இருந்தது.

மாட்டு டாக்டர் நான்.
கன்று குறுக்கே கிடக்கிறது, ஒரு கால்தான் வெளியே தெரிகிறது, உடனே வாருங்கள்
என்று இரவு பதினொன்றுக்கு அழைப்பார்கள்.
எடுக்காமல் இருக்க முடியுமா?
முடியாது. அது உண்மை.
ஆனால் வந்த அதிர்வெல்லாம் கன்று இல்லை.
கன்றின் பெயரைச் சொல்லிக்கொண்டு
நான் விலை பார்த்த செருப்புகள் எத்தனை,
முன்பின் தெரியாதவர்களின் கல்யாணப் படங்கள் எத்தனை.

நான்கு வயதில் ஒருமுறை
இரண்டு உள்ளங்கைகளையும் பொத்திக்கொண்டு
கொல்லையிலிருந்து ஓடி வந்தான்.
விரலை உயர்த்தினேன்.
நின்றான். காத்திருந்தான்.
என்ன நல்ல பிள்ளை என்று நினைத்தேன், நிமிராமலே.
நிமிர்ந்தபோது கைகள் விரிந்திருந்தன.
என்னடா இருந்தது?
"போயிடுச்சு."
பன்னிரண்டு வருஷமாகிறது.
தவளையோ, தும்பியோ, வெறும் ஈரமோ,
இன்றுவரை தெரியாது.

காது யாருடையது, புருவம் யாருடையது என்று
இரு வீட்டாரும் தொட்டிலைச் சுற்றி நின்று சண்டை போட்டார்கள்.
விரலை யாரும் கேட்கவில்லை.

போனை வை என்று சொல்லாதவள் இல்லை நான்.
போன வாரம்கூடச் சொன்னேன்.
அவன் அடுத்த அறையில், நான் சமையலறையில்,
'போனை வைத்துவிட்டுச் சாப்பிட வா'
என்று செய்தி அனுப்பினேன்.
பார்த்துவிட்டான் என்று இரண்டு நீலக் குறிகள் வந்தன.
அவன் வரவில்லை.

"டேய், அது மைக் இல்லை" என்றார் நெஸ்தோர்.
அவர் கண் அவர் போனில்.
யாரும் சிரிக்கவில்லை.
அக்கரையில் வேறு நாடு, விளக்கேற்றிக்கொண்டிருந்தது.

ஒருவழியாகக் குடுக்கை நகர்ந்து
இரண்டாம் முறையாகப் பிலாரிடம் வந்தது.
அடிவரை உறிஞ்சினாள்.
நெஸ்தோரிடம் நீட்டி
"நன்றி" என்றாள்.

எங்கள் சுற்றில் வாங்கும்போது யாரும் நன்றி சொல்வதில்லை.
கொடுக்கும்போது சொன்னால்
போதும் என்று அர்த்தம்,
இனி எனக்கு ஊற்ற வேண்டாம் என்று.
குடுவையில் பாதிக்கு மேல் வெந்நீர் இருந்தது.
குஸ்மானுக்கு அது காதில் விழவில்லை.
எனக்கு விழுந்தது.

"குதிரை நின்றுவிட்டது," என்றேன், "அப்புறம்?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை,
முதலில் கையைப் பார்த்தாள்.
காலியாகத்தான் இருந்தது.
தம்பி விழுந்தது முள்வேலிக்கு அந்தப் பக்கமாம்,
அங்கே ஒரு வான்கோழி
என்று தொடங்கினாள்.

என் மேல்சட்டைப் பைக்குள் அதிர்ந்தது.
ஒருமுறை.
பிறகு விடாமல்.

கன்றாக இருக்கலாம்.